கருவாட்டுக்கு ஒரு ஓட்டை

எங்கள் வீடு ஜோர்ஜ் மன்னர்கள் காலத்தது, இருநூறு வருடப் பழசு. மேலே போகப்போகச் சிறுக்கும் ஜன்னல்கள், வாசற்கதவுக்கு மேலே விசிறி விரித்த மாதிரிக் கண்ணாடி, முன்னறைக் கூரையோரமெல்லாம் சாந்தில் இலையும் கொடியும். லண்டனுக்கு வந்த புதிதில் இப்படியொரு வீட்டின் நிலவறையில் இருந்த சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அங்கிருந்து பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள்தான் தெரியும். அன்றைக்குப் பிடித்த ஆசை, கீழ் இரண்டு தளங்களை வாங்கிய பிறகுதான் அடங்கியது.

மனைவிக்கு அந்த ஆசை துளியும் இல்லை. சமையலறை நிலவறையில் இருந்தது. கட்டியவர்களுக்கு வேலைக்காரர் கண்ணில் படக்கூடாது என்ற கவலை இருந்ததே தவிர, ஒருநாள் கருவாடு பொரிப்பார்கள் என்ற யோசனை இருக்கவில்லை. கீழே சட்டி சூடானால் மணம் ஒடுங்கிய படிக்கட்டால் ஏறிவந்து முன்னறைச் சோபாவில் குந்திவிடும். புகையை இழுக்கும் விசிறி வைக்கலாம். அதற்குச் சுவரில் ஓட்டை போடவேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அதற்குக் கவுன்சிலின் அனுமதி வேண்டும்.

“விசிறி இல்லையெண்டால் நான் ஹரோவிலை தங்கச்சி வீட்டை போறன். நீங்கள் உந்தக் கண்ணாடியைப் பாத்துக்கொண்டு இருங்கோ,” என்றாள்.

அவள் சொன்னால் செய்வாள். எனக்கோ அவளும் வேண்டும், வீடும் வேண்டும்.

கவுன்சில் அதிகாரியம்மா பார்க்க வருவதாக அறிவித்ததும் திட்டம் போட்டேன். “அவ வரேக்கை கருவாடும் செத்தல் மிளகாயும் பொரியும். தும்மித் தும்மியே அனுமதி தருவா.” மனைவியும் ஓம் என்று தலையாட்டினாள்.

அதிகாரியம்மாவைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினால் அடுப்பில் சட்டியே இல்லை. ஜன்னல்களெல்லாம் மேலே தள்ளித் திறந்திருந்தன. ஊதுபத்தி புகைந்தது. மேசையில் கேசரியும் தேத்தண்ணியும்.

“கருவாடு எங்கை?” என்று பல்லைக் கடித்தேன்.

“வீட்டுக்கு ஒரு ஆள் வரேக்கை கருவாடு பொரிக்கிறதோ? என்னப்பா கதைக்கிறியள்!”

அதிகாரியம்மா கேசரியை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். இவ்வளவு காற்றோட்டமான நிலவறையைத் தான் கண்டதேயில்லை, இதற்கு விசிறியே தேவையில்லை என்றார். சுவரைப் பாசத்தோடு தடவிவிட்டுப் போய்விட்டார்.

நான் படிக்கட்டிலேயே இருந்துவிட்டேன். மனைவி தங்கச்சிக்குப் போன் எடுத்தாள். காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஓமடி, கவுன்சில் மனுசியே சொல்லிப்போட்டா. இப்பிடியொரு குசினியைத் தான் கண்டதே இல்லையாம். இதை விட்டிட்டு அங்கை ஆர் வருவினம்?”

பின்னேரம் கருவாடு பொரித்தாள். நான் முன்னறையில், சாந்து இலைகளுக்குக் கீழே, கண்ணீர் வழிய இருந்தேன்.

“மணக்குதோ?” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“இல்லை,” என்றேன்.