சாயம் போன ரோஜா

என் தையல் மிஷின் இழுப்பறையில் ஒரு காகித ரோஜா கிடக்கிறது. பாதி சிவப்பு, பாதி வெளுத்துப்போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் முட்டாள்தனமும் அக்காவின் நாத்தனாரும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருவார்கள்.

அக்காவுக்கு மல்லிகை ஆகாது. தலையில் வைத்த கால் மணி நேரத்தில் மூச்சு இழுப்பு வந்துவிடும். அந்த விஷயம் தெரிந்துதான் ஓர் இடம் தட்டிப்போயிருந்தது. ஆகவே சாலவாக்கத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரும் மூச்சு விடவில்லை. "சொல்லிடலாம்மா" என்று அக்கா ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "தாலி ஏறுற வரைக்கும் வாயை மூடிக்கினு இரு" என்று அம்மா அடக்கிவிட்டாள். நிச்சயத்தன்று வைத்த பூவைக் கொல்லைப்பக்கம் போய்க் கழற்றிச் சமாளித்தாயிற்று. முகூர்த்தத்தில் அது நடக்காது. அத்தனை பேர் முன்னால் அவளுக்கு இழுத்துக்கொண்டால் கல்யாணமே நின்றுவிடும் என்று வீடே பயந்து கிடந்தது.

நான்தான் வழி சொன்னேன். தையல் வகுப்பில் காகிதப் பூ செய்யக் கற்றிருந்த திமிர். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் கிரேப் பேப்பர் வாங்கினேன். வெள்ளைக் காகிதத்தைத் துடைப்பக்குச்சியில் சுருட்டி, மைதா பசை தடவி, மொட்டு மொட்டாக ஒரு வாரம் உருட்டினேன். நடுநடுவே வைக்கச் சிவப்பு ரோஜாக்கள். சிவப்பில் இரண்டு தினுசு காட்டினார்கள். எது பளிச்சென்று இருந்ததோ அதையே எடுத்தேன், சாயம் நிற்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. பின்னலில் வைத்துத் தைத்ததும் அக்கா கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கோ தலைகால் புரியவில்லை.

மேடையில் மாப்பிள்ளையின் தங்கை அக்காவுக்குப் பின்னால் வந்து நின்றாள். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் போட வேண்டியவள் அவள்தான். குனிந்து ஜடையை முகர்ந்தாள். "இன்னா அண்ணி, பூவுல வாசனையே இல்ல, வாடிப்போச்சா?" என்றவள், நான் தடுப்பதற்குள் சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளித் தெளித்துவிட்டாள். வாடும் பூவுக்கு எல்லாரும் செய்வதுதான்.

சிவப்பு கரைந்து அக்காவின் கழுத்தில் வழிந்தது. ஒரு ரோஜா கழன்று என் காலடியில் விழுந்தது. நாத்தனார் ஜடையை விரலால் தொட்டுப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அக்காதான் திரும்பாமல், "மல்லி எனக்கு ஆவாதுங்க. இழுப்பு வரும்" என்று மெல்லச் சொன்னாள்.

கீழேயிருந்து யாரோ, "இன்னாம்மா அது, ரத்தமா?" என்று கேட்டார்கள்.

"அட, குங்குமம் கரைஞ்சிடுச்சு. ஒண்ணுமில்ல, மோளத்தை அடிக்கச் சொல்லுங்க!" என்று நாத்தனார் உரக்கச் சொன்னாள். தன் பட்டுப் புடவை முந்தானையாலேயே அக்காவின் கழுத்தைத் துடைத்துவிட்டாள். தாலி ஏறியதும், ஈர ஜடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள். அந்தக் கையை அன்றே கும்பிட்டிருக்க வேண்டும், எனக்கு அழத்தான் தெரிந்தது. ஊர்க்கதை ஒன்று விடாமல் பேசுகிறவள், இதை மட்டும் ஒருவரிடமும் பேசவில்லை. அக்காவே பின்னால் மாமாவிடம் சொன்னபோது, "இதுக்கா இவ்ளோ பேஜார் பட்டீங்க?" என்று கேட்டாராம்.

போன வாரம் அதே நாத்தனார் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம். ஜடை நான்தான் செய்ய வேண்டுமாம், அதுவும் காகிதத்தில். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. "ஆமாங்க, காயிதப் பூதான். எங்க அண்ணிக்கு மல்லி ஆவாது, இழுப்பு வரும். மேடையில என் பொண்ணு பக்கத்துலயே அவங்க நிக்கணும். இதுல மறைக்க இன்னா கீது?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவேயில்லை.

அளவு நாடாவை எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். அவள் ரோஜாவைப் பார்த்துவிட்டாள்.

"இதை இன்னும் வெச்சிக்கினு கீறியா?"

நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அவள் அதை எடுத்து, வெளுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் நீவினாள்.

"அந்தப் பொடவையை நானும் தொவைக்காமதான் வெச்சிக்கினு கீறேன்."