ஆடாதோடை டிங்ச்சரும் நான்கு கிலோ தண்ணீரும்

1989 டிசம்பரில் நான் ஏற்காடு போனது குளிருக்காகவோ ஏரிக்காகவோ அல்ல, ஒரு பழியைத் துடைக்க. சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் தூள் தந்த இருமலுக்கு, நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தயாராகும் ஆடாதோடை டிங்ச்சரைத் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டுக் குடிப்பேன். மூடியைத் திறந்தாலே சாராய வாடை. "டீச்சர் தண்ணி போட்டுட்டுப் பாடம் எடுக்கறாங்க" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரே கேலி. உள்ளே என்னதான் போடுகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டியதுதான் என எஸ்டேட்டுக்குக் கடிதம் போட்டு அனுமதி வாங்கினேன்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு சேலத்தில் பஸ். முப்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், டிக்கெட் நான்கு ரூபாய். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பன்னிரண்டாவது வரை தைரியமாக இருந்தேன். பிறகு பக்கத்து சீட் அம்மாவிடம் எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி முகர்ந்தேன். ஏற்காட்டில் இட்லி, ஒன்பது மணிக்கு நாகலூர் பஸ்.

"ஏனுங்க, மருந்து காய்ச்சற எஸ்டேட்டு எங்க இருக்கு?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"காய்ச்சறதில்லீங்க, ஊற வெக்கறாங்க. அந்தப் பள்ளத்துல எறங்கி ஒரு மைல் நடங்க."

காபி குடோனின் பின்னறைதான் மருந்தறை. எஸ்டேட் கம்பவுண்டர் ராஜமாணிக்கம் அதை நடத்தினார். ஐம்பது வயது, கேள்வி கேட்டால் மலர்ந்துவிடுகிற முகம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இலையை நறுக்கிப் பீங்கான் ஜாடியில் போட்டு ஸ்பிரிட் ஊற்ற வேண்டும். பதினான்கு நாள் தினமும் இரண்டு வேளை குலுக்கி, பிறகு பிழிந்து வடிகட்டினால் டிங்ச்சர். தண்ணீரில் கரையாத சத்தையும் ஸ்பிரிட் இழுத்துவிடும், பூஞ்சை பிடிக்க விடாது.

"கசாயமே வெச்சுக் குடிக்கலாமே?" என்றேன்.

"ஏழு மணிக்கு ஆளுக வேலைக்கு நிக்கோணும். அதுக்கு முன்னால அடுப்பு மூட்டி எவ காய்ச்சுவா? கசாயம் சாயங்காலமே புளிச்சுரும். இது வருசக்கணக்கா கெடக்கும்ங்க. பத்துச் சொட்டு விட்டுக் குடிச்சுட்டு ஓடலாம்."

ஸ்பிரிட் டிரம்மில் அரசு சீல் இருந்தது. மதுவிலக்கு அதிகாரி முன்னால்தான் அதைத் திறக்கலாம். அவர் மாதத்தில் ஒரு நாள்தான் மலையேறுவார். அன்று மூன்று மணிக்கு வருவதாக இருந்தது.

பதினொன்றரைக்குக் காவேரி என்ற பெண் இலைக் கூடையோடு உள்ளே வந்தாள். தண்ணீர் சொட்டியது. ராஜமாணிக்கம் எழுந்தே விட்டார்.

"ஏனம்மிணி, கழுவிட்டயா?"

"ஆமாங்க. நல்லா நாலு தண்ணி அலசுனனுங்க."

காவேரி எட்டு வருடம் காபிக்கொட்டை கழுவும் தொட்டியில் நின்றவள். சேற்றுப்புண் வந்து பாதம் வெடித்து, இந்த அறைக்கு ஒரு வாரம் வெள்ளோட்டமாக வந்திருந்தாள். அன்றுதான் கடைசி நாள். சரிப்படாவிட்டால் திங்கள்கிழமை மறுபடி தொட்டி. தொட்டிக்காரர்களுக்கு, கழுவாத எதுவும் முடிந்த வேலையல்ல. இங்கோ அந்தத் தண்ணீர் ஸ்பிரிட்டை நீர்க்கச் செய்து சரக்கையே கெடுத்துவிடும். கழுவினால் ஒரு நாள் நிழலில் உலர்த்த வேண்டும், வெளியே பனிமூட்டம். இதைச் சொல்லித்தர வேண்டிய நேரத்தில் அவர் என் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கழுவுமுன் இருபது கிலோ என்று சுவரில் எழுதியிருந்தது. நான் மறுபடி எடை போடச் சொன்னேன். இருபத்து நான்கு. "அப்போ நாலு கிலோ தண்ணிதான் வெளியேறணும்" என்றேன். வாத்தியார் புத்தி, கணக்கு மட்டும் சொன்னேன். வழியைக் காவேரி சொன்னாள்.

"குடோன்ல காஞ்ச சாக்கு அடுக்கியிருக்குதுங்க. சாக்கு நல்லா தண்ணி குடிக்குமுங்க."

காபிச் சாக்குகளை உதறி விரித்து, இலையை மெல்லியதாகப் பரப்பி, மேலே இன்னொன்று போட்டு உருட்டி மிதமாக அழுத்தினோம். நனைந்ததை வீசிவிட்டு அடுத்தது. முப்பது சாக்காவது இருக்கும். இருபத்து மூன்று, இருபத்து இரண்டு. ஒரு மணிக்கு மேல் தராசு நகர மறுத்தது. காவேரி தன் உலர்ந்த தலைத்துண்டையும் அவிழ்த்து விரித்தாள். இரண்டரைக்கு இருபதரை.

"போதும்" என்றார் ராஜமாணிக்கம். "ஸ்பிரிட்டோட அளவா நான் சேர்க்கற தண்ணியே ஒரு லிட்டரு. அதுல அரை கொறச்சுக்கறேன்."

மூவரும் நறுக்கினோம். மூன்று பத்துக்கு ஜீப் வந்தது. அதிகாரி சீலை உடைத்தார், அளந்தார், எழுதிக்கொண்டார். கடைசி ஜாடி மூடப்பட்ட பிறகுதான் எனக்கு இருமலே வந்தது.

போகிறவர்களுக்கு: நாகலூரிலிருந்து கடைசி பஸ் அப்போது ஐந்தரை, இப்போதைய நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். டிங்ச்சரில் ஸ்பிரிட் இருக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. இருமல் நீடித்தால், சளியில் ரத்தம் தெரிந்தால் நேரே டாக்டர்தான். எனக்குத் தொண்டை இதமாக இருந்தது, அவ்வளவுதான் என்னால் சாட்சி சொல்ல முடியும்.

நான் பையை எடுத்தபோது காவேரி ஈரச் சாக்குகளை மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"திங்கக்கிழமை நான் தொட்டிக்கு வரோணுமுங்களா, இங்கீங்களா?"

ராஜமாணிக்கம் சுவரில் இருந்த எடையை அழித்துக்கொண்டிருந்தார்.

"செருப்புப் போட்டுட்டு வா, அம்மிணி. இங்க தரை காஞ்சுதான் கெடக்கும்."