அறுபது கஜத்தில் ஒரு மண்சட்டி

சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை மூக்கருகே கொண்டுபோனால், தீபாவளி மறுநாள் தெருவில் கிடக்கும் காகிதக் குப்பையின் வாசனையோடு சூடான பித்தளையின் கசப்பும் சேர்ந்து வரும். விருதுநகரில் வற்றல் மண்டி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, மிளகாய் நெடியிலேயே வளர்ந்த எனக்கு, ஐம்பதுகளின் கடைசியில் பள்ளி என்.சி.சி.யில் சேர்ந்த புதிதில் அந்த வாசனை பெரிய கௌரவமாக இருந்தது. அதைக் கெடுக்கவென்றே வந்தவன்போல எங்கள் வரிசையில் காளிராஜ் நின்றான்.

சித்தி வீட்டில் தங்கிப் படித்தவன் அவன். அவன் அப்பா சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிறவர். அதற்கு முன் குடும்பமே பிறர் காட்டில் கூலி வேலை பார்த்தது. வெடிமருந்தை அங்கே வெறும் ‘மருந்து’ என்பார்கள். மருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. அடியில் ஒட்டிய மணல், சிந்திய மருந்தில் உரசினாலே போதும். அந்த வழக்கத்தில் வளர்ந்த காளிராஜ், பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தோட்டாவைத் தொடுவான்.

“இதுக்குள்ளயும் மருந்துதான இருக்கு? பூட்ஸுக் காலோட எப்படிலே தொட?” என்பான்.

“ஏலே, இது ரைபிளா, கோயிலா?” என்று பையன்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

படுத்துச் சுட்டாலும், முழங்காலிட்டு வெறும் குதிகாலின்மேல் உட்கார்ந்து சுட்டாலும், அவன் போட்ட துளைகள் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும். நின்று சுடச் சொன்னால் மட்டும், “அது எனக்கு வராது சார்” என்று துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அவன் குறியின்மேல்கூட எனக்கு அவ்வளவு பொறாமை இல்லை. கூச்சமில்லாமல் அவன் வாயில் வந்த அந்த ‘வராது’ மேல்தான். எனக்கும் பல வராது. ஆனால், “மண்டிக்காரன் மகன் எதுலயும் மட்டமா வரக் கூடாது” என்று அத்தா சோற்றுத் தட்டின் முன்னால் தினமும் சொன்ன வீட்டில், அப்படி ஒரு சொல் புழங்கவே இல்லை.

அந்த வருஷம் சென்னை முகாமுக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். முகாமில் தரும் சான்றிதழ் எனக்குக் கடைச் சுவரில் மாட்டும் படம். காளிராஜுக்கோ அது போலீஸ் வேலைக்கு வழி. கம்பெனிக்குப் போகாமல் தப்ப அதைவிட்டால் வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. அவனே என்னிடம் சொல்லியிருந்தான்.

தேர்வு வறண்ட கண்மாய்க்குள் நடந்தது. கரையடியில் மண்சட்டி. முழங்காலிட்டுச் சுட வேண்டும். எவ்வளவு தூரம் என்பதை அவனவனே முடிவுசெய்துகொள்ளலாம், ஒரே தோட்டா. உடைத்தவர்களில் அதிக தூரத்தில் இருந்தவனுக்கு இடம். காளிராஜின் எல்லை ஐம்பது கஜம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு நாற்பதே சந்தேகம்.

அன்று காலையில் என்.சி.சி. அதிகாரியிடம் போய், “காளிராஜ் வெறுங்காலோட சுடுவான் சார், சீருடையில அப்படிச் சுடலாமா?” என்று பணிவாகக் கேட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். அவர் அவனைப் பூட்ஸை மாட்டச் சொன்னார்.

ஐம்பதில் பூட்ஸ் குதிகாலின்மேல் உட்கார்ந்து பார்த்தான், உடம்பு ஆடியது. எழுந்தான். “பூட்ஸோட எனக்கு இம்புட்டுத் தூரம் ஆகாது சார்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

“என்னலே, சட்டிக்குள்ளயே போய் உக்காந்துகிடுவ போலயே!” என்று ஒருவன் கத்தினான். முப்பதில் உட்கார்ந்து சட்டியை உடைத்தான் காளிராஜ்.

இனி எனக்கு நாற்பதே போதும். ஆனால் அவனுடைய ஐம்பதையும் தாண்டிவிட வேண்டுமென்ற வெறி என்னை அறுபதுக்கு இழுத்துப் போனது. குழல் முனை சட்டியின் இரு பக்கமும் அலைந்தது. கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தேன். சட்டி உடைந்தது.

பையன்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். சென்னையில் என் தோட்டாக்கள் குறி அட்டையைத் தொடாமல் எங்கெங்கோ போயின. ஊரில் அதைச் சொல்லவில்லை. காளிராஜ் அந்தக் கோடையிலேயே கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

இப்போது, இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களாகிவிட்ட நிலையில், அந்தக் கண்மாய்க்குள் வீட்டு மனைக் கற்கள் நிற்கின்றன. பள்ளியில் துப்பாக்கிகள் இல்லை. போன மாதம் காளிராஜ் மிட்டாய்ப் பெட்டியோடு என் கடைக்கு வந்தான். பேத்திக்குப் போலீஸ் வேலை கிடைத்திருக்கிறதாம். அந்த நாளில் என்னை ‘ஏலே’ என்று கூப்பிட்டவன், “நல்லா இருக்கீகளா பாய்?” என்றான். உட்காரவைத்துப் பூட்ஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

“அது அன்னைக்கே தெரியும் பாய்” என்றான். “கொஞ்ச நாள் உங்க மேல கோவமாத்தான் இருந்துச்சு. ஆனா அறுபதுல உக்காந்து அடிச்சீகளே! வெறுங்காலோடயும் எனக்கு அது ஆகாது. உங்களுக்குப் போனதுதான் நியாயம்.”

அதை நியாயமென்று நம்பியே அவன் தன் ஆயுள் முழுக்க மருந்து செலுத்தியிருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன் என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை. “எல்லாம் பழக்கம்தான்” என்றேன். இங்கே எழுதிவிட்டேன், காளிராஜ் எதையும் படிக்கிற வழக்கத்தை விட்டு வெகுகாலமாயிற்று என்பது தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.