தாய்மாமன் ஏறிய ரயில்

தைப்பிங் பேராக்கின் தலைநகராக இருந்த நாட்களில் நான் அங்கே ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு கமுந்திங்கில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. என் ஒரே தங்கை ஈப்போ பக்கம், நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்திலேயே, லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். அவளுடைய மூத்த பையனுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள்.

காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார்கள். தங்கைக்கு உடன்பிறந்தவன் என்று இருந்தது நான் ஒருவன்தான். அந்த மடி என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஆபீசில் ஒரு நாள்தான் லீவு கொடுத்தார்கள். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். இப்படிப்பட்ட பயணங்களை நான் கடைசி நேரத்துக்கு விடுவதில்லை. ரயில் நம்பகமானது, ஆனால் அது முற்பகலில்தான் கொண்டுபோய் விடும், ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்குச் செம்மண் பாதையில் நீண்ட தூரம் போகவும் வேண்டும். பசாரிலிருந்து விடியுமுன் கிளம்பும் வாடகை மோட்டாருக்குக் காசு கூட. ஆனால் பெரிய சாலையிலேயே போய், தோட்டத்து வாசலில் இறக்கிவிடும். காய்கறி ஏற்றிப் போகும் சீனர் ஒருவருடைய லாரியும் உண்டு. வெள்ளை வேட்டியும் சீர்த் தட்டுமாக முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே உட்கார எனக்கு மனமில்லை. ஆகவே மோட்டார் என்று தீர்மானித்து, டிரைவரிடம் முன் சீட்டுக்கும் சொல்லி வைத்தேன்.

அந்த வாரம் என் பெரியப்பா மகன் தைப்பிங்குக்கு வந்திருந்தார். எனக்கு மூத்தவர். அதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. என் தங்கையின் கணவர் அவர் கீழேதான் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். பசார் பக்கத்துக் கோப்பிக் கடையில் இருவரும் உட்கார்ந்தோம்.

"எப்படி வாரே தம்பி?"

"மோட்டார்லதான் அண்ணே. சீட்டு சொல்லிட்டேன்."

"மோட்டாரா!" என்று கோப்பையைக் கீழே வைத்தார். "புக்கிட் கந்தாங் மலை வளைவுல நீ வந்திருக்கியா? போன மாசம் ஒரு செட்டியாரு என்கூட வந்தாரு. பாவம், ரெண்டாவது வளைவுல கக்கிட்டாரு. எங்க கக்கினாருன்னு கேளு."

"எங்க அண்ணே?"

"எம் மடியிலதான்லா!"

பக்கத்து மேசைக்காரர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"டயரு வெடிச்சா நடுக்காட்டுல குந்திக்கிட்டு இருக்கணும். புழுதியில வேட்டி காவி கட்டிரும். தாய்மாமன் சாமியாரு மாதிரியா வந்து எறங்குவ? ரயில்ல ராஜாவாட்டம் வா. டேசனுக்குத் தோட்டத்து மாட்டு வண்டிய நான் அனுப்புறேன்."

"நேரத்துக்கு வந்துருவேனா?"

"என்ன தம்பி, தோட்டத்துல பொறந்துட்டு இப்படிக் கேக்குற? மரம் வெட்டி, பால நிறுத்துக் குடுக்காம எவன் காது குத்த வருவான்? மத்தியானத்துக்கு மேலதான் எல்லாம். நீ வந்து குளிச்சு, ஒரு தூக்கம்கூடப் போடலாம்."

அது நியாயமாகத்தான் பட்டது. விடிந்தும் விடியாமலும் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுப்பார்கள். பிறகு வெட்டு, பிறகு பாலை எடை போடுவது. அது முடியாமல் தோட்டத்தில் எந்த நல்லது கெட்டதும் தொடங்காது. மேலும், சொன்னவர் வேற்று மனிதர் அல்ல. அன்று மாலையே போய் மோட்டார் சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரயில் பயணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுரங்கங்களில் மட்டும் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினேன். பட்டு வேட்டி, கடுக்கன், வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் எல்லாம் ஒரு கூடையில் என் காலடியில் இருந்தன. அழுதால் பிள்ளையை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

இறங்கிய சின்ன ஸ்டேஷனில் வண்டி இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வண்டி வருகிற பாதைதானே, எதிரே சந்தித்துக்கொள்ளலாம் என்று கூடையைத் தோளில் வைத்து நடந்தேன். எதிரே எதுவும் வரவில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் கண் தானாக மரங்களிடம் போனது. எல்லா மரத்திலும் பால் பிடிக்கும் கோப்பை கவிழ்ந்தே இருந்தது. ஒரு மரத்தருகே போய் வெட்டுக் கோட்டைத் தடவிப் பார்த்தேன். வெட்டு நாள் என்றால் பாலை எடுத்துப்போன பிறகும் அதில் ஈரம் இருக்கும். அன்று உலர்ந்து போயிருந்தது. அந்த வரிசையில் மட்டும் இப்படியோ என்று அடுத்த வரிசைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அன்று கத்தி படவில்லை. காதுகுத்து மத்தியானத்துக்கு மேல் என்று சொல்ல இருந்த ஒரே காரணம் பால் வெட்டு. வெட்டே இல்லை; தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை அன்று லீவு விட்டிருக்க வேண்டும்.

வளைவு திரும்பியபோது வாய் நிறைய வெற்றிலையோடு மூன்று பெண்கள் வந்தார்கள். என்னைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர்கள்; குமாஸ்தா ஆனதிலிருந்து கிராணி என்றே கூப்பிடுவார்கள்.

"என்ன கிராணியாரே, இப்பத்தான் வாரீங்களா? பாயாசங்கூடத் தீந்துபோச்சு."

"காது குத்தியாச்சா?"

"வெள்ளனயே ஆச்சு. மாமன் மடியில பய அசையவே இல்ல."

"எந்த மாமன்?"

பேசியவளின் சிரிப்பு நின்றது. "கங்காணி அண்ணன்தான். உங்களுக்கு லீவு கெடைக்கலன்னுல்ல சொன்னாங்க?"

இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மூவரும் வேகமாகப் போய்விட்டார்கள்.

லயத்தின் முன்னால் பந்தல். அதன் ஓரத்தில் ஒரு வாடகை மோட்டார். ஈப்போவிலிருந்து காது குத்தும் ஆசாரியை ஏற்றிவரக் கங்காணி பிடித்த மோட்டார் அது என்று பிறகு தெரிந்தது. அவர் புது வேட்டியில், நாற்காலியில், பையனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பையனின் காதில் அவர் போட்ட கடுக்கன்.

"வா தம்பி. ரயிலு சௌகரியமா இருந்துச்சா?"

"வண்டி வரலியே அண்ணே."

"அதையேன் கேக்குற! மாட்டுக்குக் காலு சரியில்ல. சொல்லி அனுப்பவும் ஆளு இல்லாம போச்சு."

பந்தலுக்குப் பின்னால் இரண்டு மாடுகளும் நன்றாக நின்று எச்சில் இலைகளைத் தின்றுகொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். பையனின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு வேறு யாரிடமோ பேசத் தொடங்கிவிட்டார்.

தங்கையின் கணவர் ஓடிவந்து கூடையை வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தாய்மாமன் சீரைச் சாமிப் படத்தின் முன்னால் வைப்பது வழக்கம். அங்கே வேறு தட்டுகள் இருந்தன. என் கூடையை அக்கம்பக்கத்தார் கொண்டுவந்திருந்த சாமான்களோடு சுவர் ஓரமாக வைத்தார்.

தங்கை லயத்தின் பின்புறம் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். நான் அருகில் போய் நின்றும் நிமிரவில்லை.

"துரை இன்னைக்கி வேல இல்லன்னு சொன்னது உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரமே தெரியும்."

"அப்ப அவரு என்னை ரயில்ல வரச் சொன்னது வேணும்னேதானே?"

அவள் சாம்பல் கையோடு எழுந்தாள். "நாந்தாண்ணே அப்படிச் சொல்லச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள்.

"மோட்டார்ல வந்தா நீ முந்தி வந்துருவ. வந்து உக்காந்தவன எப்படி எந்திரிக்கச் சொல்றது? அவருக்குப் புள்ள குட்டி இல்ல. தோட்டத்து சனங்க முன்னாடி ஒருதரம் மாமனா உக்காரணும்னாரு. உக்கார வச்சா இவருக்கு மண்டோர் வேலைக்குத் துரைகிட்டச் சொல்றேன்னாரு. மண்டோர் ஆனா மரம் வெட்ட வேணாம், ஆள மேய்ச்சாப் போதும். இவரு நெஞ்சு வலின்னு எத்தன நாளாச் சொல்றாரு, உனக்கே தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நீ வருசத்துல ஒரு நா வந்துட்டுப் போற. நான் தெனமும் பெரட்டுல அவரு மொகத்துலதான் முழிக்கணும். லேட்டா வந்தா நீ ரயிலத்தான் குத்தம் சொல்லுவ, யாரு மனசும் நோவாதுன்னு நெனச்சேன்."

கங்காணி செய்ததை வழியில் நடக்கும்போதே நான் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் என்று நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருக்கலாம். எந்த வண்டியில் ஏறினால் நான் நேரத்துக்கு வந்து சேரமாட்டேன் என்று கணக்குப் போட்டவள் என் தங்கை. தினமும் என்னைப் பார்க்கிற யாரையும்விட, மூத்தவர் ஒருவர் ரயிலில் வா என்றால் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்வேன் என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு முன்பக்கம் போனாள். திரும்பி வரும்போது தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். குத்திய இடத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. காது மடல் வீங்கிச் சிவந்திருந்தது. அங்கே கிடந்த பலகையில் என்னை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். பையனை என் மடியில் கிடத்தினாள். நல்ல கனம். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"இப்ப வச்சுக்கண்ணே," என்றாள். "யாரும் பாக்கல."

பந்தல் பக்கம் கங்காணியின் குரலும் பத்துப் பேருடைய சிரிப்பும் கேட்டன. செட்டியார் கதையாகத்தான் இருக்க வேண்டும்.

நான் எழுந்து பையனை அவள் கையில் கொடுத்தேன்.

"தூங்குறான். பாயில போடு."

"சாப்பிட்டுட்டுப் போண்ணே. உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

சாப்பிடவில்லை. முன்பக்கம் போனால் கங்காணி மோட்டாரில் கொண்டுபோய் விடுகிறேன் என்பார் என்று தெரியும். லயத்தின் பின்புறமாகவே இறங்கி, மரங்களுக்கு நடுவே ஸ்டேஷனை நோக்கி நடந்தேன். வெகு தூரம் வரை அவள் அண்டாவைத் தேய்க்கும் சத்தம் தொடங்கவே இல்லை.