எந்தத் தோட்டம்?

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தேன். ஞாயிறு காலைகளில் ஒரு லாரி டிரைவர் அங்கே விளையாட வருவார். கட்டையான உருவம், ஜன்னலோரத்து வலக்கை மட்டும் வெயிலில் கூடுதலாகக் கறுத்திருக்கும்.

அணுகுண்டுப் போரில் உலகம் அழிந்த பிறகு நடக்கிற விளையாட்டு அது. நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பாலைவனத்தில் இஷ்டப்பட்ட பக்கம் போகலாம். எதிரில் வருபவரிடம் ஆங்கிலத்தில் தட்டிப் பேசலாம். நாங்களெல்லாம் பேசாமல் சுட்டோம். அவரோ ஒவ்வொருவரிடமும், ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த நம் ஆட்கள் முதன்முதலில் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளும் அந்த ஒரே கேள்வியை ஒற்றை விரலால் தட்டுவார்: எந்தத் தோட்டம்?

புரியவில்லை என்று பதில் வரும். சில சமயம் குண்டு வரும்.

"அண்ணே, உலகமே அழிஞ்சு போச்சு. இதுல தோட்டம் எங்க இருக்கு?" என்றேன்.

"அழிஞ்சா என்னா லா? ஆளு நிக்கிறான்ல? எங்கேருந்தோதான வந்திருப்பான். கேக்காம எப்படிச் சுடுறது?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீ எந்தத் தோட்டம்?"

"நான் டவுன்தாண்ணே."

"அதுக்கு முன்னால?"

ஈப்போவில் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். பாகான் செராய் பக்கம், துண்டு துண்டாக விற்றுவிட்ட ரப்பர் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஐந்தாவது லயத்தில் எங்கள் வீடு. தலையாட்டிவிட்டு மறுபடி பாலைவனத்துக்குப் போய்விட்டார்.

சில மாதங்களில் அவர் வருவது நின்றது. அவர் விட்ட இடத்திலிருந்து விளையாட்டை முடித்தவன் நான்தான்.

பாலைவனத்து ஆட்களுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் எந்தத் தோட்டம் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.