வாசல்படி தாண்டிய மீனெண்ணெய்

எங்கள் தெருவில் மீன்காரர் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். எங்கள் கேட் வந்ததும் ஹாரனை நிறுத்திக்கொள்வார். அடுத்த வீட்டைத் தொட்ட பிறகுதான் மறுபடி அடிப்பார். சைவ வீட்டுக்கு அவர் தரும் மரியாதை அது. அதில் என் கணவருக்கு இருந்த பெருமை, சர்க்கார் வேலையில் கிடைத்த பதவி உயர்வில்கூட இருந்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சுவலி வந்து திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரை, நடை, பத்தியம் எல்லாம் இருந்தும் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மட்டும் இறங்க மறுத்தது. டாக்டர் மீனெண்ணெய்க் குளிகை எழுதினார்.

"வேற மருந்து வல்லதும் உண்டா டாக்டரே?" என்று இவர் கேட்டார்.

"இப்போ உங்களுக்கு இதாக்கும் நல்லது. மத்த மாத்திரையையும் நிறுத்தப்பிடாது."

பாறசாலையில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்தோம். கேட்டுக்கு வந்ததும் சொன்னார்: "மீன் வீட்டுக்குள்ள கேறப்பிடாது, கேட்டியா."

குளிகைக் குப்பி கார் ஷெட்டில் குடியேறியது. காலையும் இரவும் சாப்பிட்டதும் வெளியே போய் விழுங்கி, குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவார். தண்ணீர்ச் செம்போடு கூடப் போனவள் நான்தான். எனக்கும் புத்தி எங்கே போயிற்றோ.

தகரக் கூரை, மீன மாத வெயில். பத்தே நாளில் குளிகைகள் ஒட்டி உருண்டையாகி, சில உடைந்தும் போயின. மறுநாள் ஷெட்டைச் சுற்றி நாலு பூனைகள். எங்கள் வீட்டை அதுவரை ஒரு பூனையும் மதித்ததில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னைக்கு உங்க வீட்டுல மீனா?" என்றாள். அவர்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; தினமும் மீன் சமைக்கும் வீடு, அந்த மணம் அவளுக்குத் தப்புமா?

மருந்துக் கடைக்காரர், வீட்டுக்குள் வெயில் படாமல் வைக்கச் சொன்னார். இவரோ குளிகையையே விட்டுவிட்டார். எட்டு நாள் பொறுத்தேன். பிறகு பொறுக்க முடியவில்லை.

"உங்களுக்கு உங்க பெருமை வேணும். எனக்கு நீங்க வேணும்," என்று கத்திவிட்டு, புதுக் குப்பியைச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை புட்டு சாப்பிட்டதும் அவரே கையை நீட்டி மூடியைத் திறந்தார்.

சில மாதத்தில் கொழுப்பு நன்றாக இறங்கியது. அந்தச் சமயம் உதியன்குளங்கரையில் ஒரு கல்யாணம். பந்தியில் எங்கள் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். இவருடைய அக்காவின் கணவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மச்சினனுக்குக் கொழுப்பு இறங்கிச்சு. எல்லாம் நம்ம சைவச் சாப்பாட்டுக்க குணமாக்கும்."

நான் இலையைப் பார்த்துக்கொண்டேன். இவர் தலையாட்டிவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"சாப்பாடும் உண்டு, மாத்திரையும் உண்டு அத்தான்," என்றார் இவர், அவியலைப் பிசைந்தபடி. "பிறகு மீனெண்ணெயும் உண்டு. ரெண்டு நேரமும் முழுங்குறேன்."

பந்தியில் எல்லாத் தலையும் இவர் பக்கம் திரும்பியது. சாம்பார் வாளியோடு வந்தவர்கூட அப்படியே நின்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் கல்யாணம் கழிந்து இத்தனை வருடத்தில் அவரை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

கை கழுவும் இடத்தில் அத்தான் இவர் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் டாக்டர் இதே குளிகைதான் எழுதித் தந்தாரு. நான் வாங்கவே இல்ல. உங்க அக்காளுக்கும் தெரியாது."

இவர் துண்டை அவரிடம் நீட்டினார். "நாளைக்கு டாக்டரைப் பாக்கப் போவோம் அத்தான். நானும் வாறேன்."