கத்திரி வெயிலில் ஒரு ஹீட்டர்

செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு எலக்ட்ரிக் கடை. கத்திரி வெயிலில் கோட்டை மலை தகிக்கிறது. தார்ப்பாய் மூடிய நீளப் பெட்டிமேல், நிழலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் ரூம் ஹீட்டர் கேட்கிறாள்.

"காயிலோ ஆயிலோ, ரெண்டும் ஒரே கரண்ட்டுதான்க்கா இழுக்கும். ஆயில் ஹீட்டர்ல ஆஃப் பண்ணாலும் கொஞ்ச நேரம் சூடு நிக்கும்," என்கிறார் கடைக்காரர்.

"அதையே குடு. போன வாரம் வாங்கின காயிலு நல்லா செவக்குது, ரூமுதான் சூடாவல."

"இந்த வெயில்லயா?" என்கிறேன்.

"எங்க வீட்டுக்காரரு செத்தப்ப ஐஸ் பெட்டில வெச்சிருந்த ரூமு சார். பெட்டிய எடுத்து ஒரு மாசமாவுது, குளிரு போவல."

ஹீட்டரை உருட்டிக்கொண்டு போகிறாள்.

"அந்த ஐஸ் பெட்டி உங்க கடையில வாடகைக்கு எடுத்ததா?" என்று கடைக்காரரிடம் கேட்கிறேன்.

"ஆமாங்க. நீங்க உக்காந்துனு இருக்கறதுதான்."

எழுகிறேன். பெட்டியின் ஒயர் எதிலும் செருகாமல் தரையில் சுருண்டு கிடக்கிறது. என் பேண்ட்டின் பின்புறம் சில்லென்று நனைந்திருக்கிறது.